சாயம் போடாத ஸ்லைடு

போன மாதம் கவிதாவிடமிருந்து ஒரு குரல்பதிவு வந்தது. நான் ஓய்வு பெற்றபோது என் மேசைக்கு வந்தவர் அவர். இப்போது ஆய்வுக்கூடத்தில் அவர்தான் மூத்த அதிகாரி.

"அக்கா, புது மெஷின் வந்துருச்சு. பிளேட்ட உள்ள வெச்சா அதுவே படம் புடிச்சு, கொழுப்புத் துளிய எண்ணியும் குடுத்துருது. ஒரே ஒரு கேள்வி. ஒவ்வொரு பிளேட்லயும் சாயம் போடாத குழின்னு ஒரு வரிசையவே ஒதுக்கி வைக்கறோம்ல, அத எடுத்துடலாமா? எடம் வீணாப் போவுதுன்னு புதுசா வந்தவங்க கேக்குறாங்க. டாக்டர் கோ சொன்னாங்கன்னு மட்டும் பதில் சொல்ல முடியாது லா."

எங்கள் காலத்து ஸ்லைடுகளுக்குப் பதிலாக இப்போது வரிசை வரிசையாகக் குழிகள் உள்ள பிளேட். எடுக்கக் கூடாது என்று உடனே பதில் அனுப்பினேன். காரணத்தைத் துறை மலருக்கு எழுதித் தருகிறேன் என்றும் சொன்னேன். எழுதியிருக்கிறேன்.

எங்கள் வேலை கொழுப்பைப் பார்ப்பது. ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் ஆய்வுக்கூடம் இருந்தது. நாம் உண்ணும் எண்ணெய்கள் ஈரலின் உயிரணுக்களுக்குள் எப்படிக் கொழுப்பாகச் சேர்கின்றன என்பதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தோம். உயிரணுவுக்குள் இருக்கும் கொழுப்புத் துளியை வெறும் நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு குமிழ் தெரியும். அது கொழுப்பா, நீரா, வெற்றிடமா என்று சொல்ல முடியாது. அதற்காகத்தான் ஒளிரும் சாயங்கள். எங்களிடம் அதிகம் புழங்கியது நைல் ரெட் என்ற சாயம். நீரில் அது ஏறக்குறைய இருண்டு கிடக்கும். கொழுப்பில் கரைந்த பிறகுதான் ஒளிரும். நீல ஒளியைப் பாய்ச்சினால் கொழுப்பு இருக்கும் இடம் பொன்மஞ்சளாகத் தெரியும், இல்லாத இடம் இருட்டாகவே இருக்கும்.

நான் இந்த வேலைக்குச் சுற்றி வந்து சேர்ந்தவள். பள்ளி முடித்ததும் லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு மேலே இயங்கிய தமிழ்ப் பத்திரிகையில் கொஞ்ச காலம் மெய்ப்புத் திருத்தினேன். பிறகு ஆய்வுக்கூடத் தொழில்நுட்பத்தில் டிப்ளோமா. பிறகு ஒரு மருத்துவமனையின் திசுப் பிரிவு. பிறகு இங்கே. பத்திரிகையில் கற்றுக்கொண்டது ஒன்று கடைசிவரை கைகொடுத்தது. இருக்க வேண்டிய எழுத்தைக் கண் தானாகவே படித்துக்கொண்டு போய்விடும். அச்சில் உண்மையாக இருக்கும் எழுத்தை வலிந்துதான் படிக்க வேண்டும்.

திசுப் பிரிவில் கற்றதை இங்கே மறக்க வேண்டியிருந்தது. அங்கே எதையும் மதுசாரத்தில், அதாவது ஆல்கஹாலில், முக்காமல் ஸ்லைடுக்குக் கொண்டுவர மாட்டோம். மதுசாரம் நீரை எடுத்துவிடும், கூடவே கொழுப்பையும் கரைத்துக்கொண்டு போய்விடும். கொழுப்பு இருந்த இடத்தில் உருண்டையான ஓட்டை மிஞ்சும். மற்றவர்களுக்கு அது பெரிய விஷயமில்லை. எங்களுக்கு அதுதான் எல்லாம். அதனால் எங்கள் மேசையில் எத்தனாலும் இல்லை, மெத்தனாலும் இல்லை. உயிரணுவை உருமாறாமல் நிறுத்தும் ஃபார்மலினைக் கடையில் வாங்கினால், அந்தப் புட்டியில்கூட அது கெடாமல் இருக்க மெத்தனால் சேர்த்திருப்பார்கள். ஆகவே மெத்தனால் இல்லாத ஃபார்மலினை நாங்களே தயாரித்தோம்.

மற்றதெல்லாம் பழக்கம். சாயத்தை அசிட்டோனில் கரைத்த குப்பியை அலுமினியத் தாளில் சுற்றிக் குளிரில் வைப்பது. அதில் ஒரு துளியை எடுத்து அன்றைய வேலைக்கு அன்றே உப்புநீரில் கலப்பது. அதிகமாகப் போட்டால் எல்லாமே மின்னும். எல்லாமே மின்னினால் எதையும் பார்த்ததாகாது. மேலே வைக்கும் மெல்லிய கண்ணாடியை அழுத்தினால் சின்னத் துளிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிய துளியாகிவிடும். வெளிச்சத்தில் நிறுத்தி ரசித்துக்கொண்டிருந்தால் சாயம் வெளுத்துவிடும். பார்ப்பதைச் சீக்கிரம் பார்க்க வேண்டும்.

இனி டாக்டர் கோ. ஆய்வுக்கூடத்தின் தலைவர். சீனர். அவருடைய அப்பா ஒரு ரப்பர் தோட்டத்து வாசலில் மளிகைக் கடை வைத்திருந்தார். தோட்டத்துப் பிள்ளைகளோடு வளர்ந்ததால் அவர் தமிழ் எங்களில் பலர் பேசுவதைவிடச் சுத்தமான தோட்டத்துத் தமிழ். மரியாதைப் பன்மை மட்டும் அவருக்கு வராது. தமிழ் பேசுகிறவர் யார் வந்தாலும், வேறு துறையின் தலைவரே வந்தாலும், "வா, நீ உக்காரு" என்பார். யாரும் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை.

படத்தைக் காட்டினால் முதலில் படத்தைப் பார்க்க மாட்டார். எதையும் தொட்டுவிடாமல் இருக்க இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, "சாயம் போடாதது எங்க?" என்பார். அதே இரத்தம், அதே உயிரணு, அதே வேலை, சாயம் மட்டும் போடாத ஸ்லைடு. அது இல்லையென்றால் எழுந்து தன் அறைக்குப் போய்விடுவார். திட்டு கிடையாது. திரும்பிப் போகும் அவருடைய முதுகே போதும்.

இன்னொன்றும் செய்வார். முக்கியமான சோதனையென்றால் ஸ்லைடுகளின் பெயர்ச்சீட்டின் மேல் நாடா ஒட்டி, வரிசையைக் கலைத்து, பிறகுதான் எங்களிடம் கொடுப்பார். எது யாருடையது என்று பார்க்கிறவருக்குத் தெரியக் கூடாது. நாங்கள் பார்த்ததை எழுதி முடித்த பிறகு நாடாவை அவரே உரிப்பார்.

இந்த இரண்டு பழக்கங்களும் எதற்கு என்று எனக்கு முழுதாகப் புரிந்தது ஒரு மனிதர் விஷயத்தில்.

அவரை அருள் என்று அழைக்கிறேன். எழுதுங்கள் என்று சொன்னவர் அவர். பெயரை மாற்றுங்கள் என்று சொன்னவர் அவர் மனைவி. முப்பதுகளின் நடுவில் இருந்தார், ஒல்லியானவர். மாக் மண்டினில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார். பிறந்ததிலிருந்து உடம்பு முழுக்கத் தோல் வறண்டு செதில் செதிலாக இருக்கும். தொழிற்சாலையில் அவருக்கு முதலை என்று பெயர். "பேரச் சொல்லிக் கூப்புட்டா எனக்கே திரும்பிப் பாக்கத் தோணாதுக்கா," என்று என்னிடம் சொன்னார்.

வேலையிடத்து மருத்துவப் பரிசோதனையில் அவருக்கு ஈரல் வீங்கியிருப்பது தெரிந்தது. அதில் கொழுப்பு மண்டி, தழும்பு விழவும் தொடங்கியிருந்தது. சர்க்கரை இல்லை, பருமன் இல்லை. எவ்வளவு குடிப்பீர்கள் என்று கேட்டார்கள். குடிப்பதில்லை என்றார். அடுத்த மருத்துவரும் அதையே கேட்டார், இவரும் அதையே சொன்னார். கேட்டவர்கள் தலையாட்டினார்கள். நம்பியதாகத் தெரியவில்லை.

வீட்டிலும் நம்பவில்லை. அவர் மனைவி செல்வியின் அண்ணன் மணியம் பட்டர்வொர்த்தில் லாரி கம்பெனி ஒன்றில் மேற்பார்வையாளர். தகப்பன் இல்லாத தங்கையை வளர்த்துக் கட்டிக்கொடுத்தவர். ஈரல் செய்தி தெரிந்ததும் வந்து, தங்கையையும் அவருடைய பெண் குழந்தையையும் காரில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார். குடிக்கிறேன் என்று ஒத்துக்கொண்டு நிறுத்தினால் அனுப்பி வைப்பேன், பொய் சொல்கிற வரைக்கும் அனுப்ப மாட்டேன் என்பது அவர் வைத்த நிபந்தனை. அருளுக்கு ஒத்துக்கொள்ள எதுவும் இல்லை. பிள்ளையை வாரத்தில் ஒரு நாள் மச்சான் வீட்டு வாசலில் வைத்துப் பார்த்துவிட்டு வந்துகொண்டிருந்தார்.

அவருக்கு மருத்துவமனையில் தோல் ஒரு பிரிவு, ஈரல் ஒரு பிரிவு, இரண்டுக்கும் தனித்தனிக் கோப்பு. புதிதாக வந்த ஈரல் மருத்துவர் ஒருவர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். டாக்டர் கோவிடம் படித்தவர் அவர். அருளின் பெற்றோர் அத்தை மகனும் மாமன் மகளும் என்பதையும் கேட்டு அறிந்தார். கண்ணாடியில் மெல்லியதாகப் பூசிய இரத்தப் பூச்சை எடுத்துப் பார்த்தபோது வெள்ளணுக்களில் உருண்டை ஓட்டைகள் இருந்தன. கடுமையான கிருமித் தொற்றிலும் ஓட்டைகள் வரும். ஆனால் உள்ளே இருந்தது கொழுப்பாக இருந்தால் கதையே வேறு. சேர்த்து வைத்த கொழுப்பை உடம்பு கரைக்கத் தெரியாமல் போகும் ஒரு பரம்பரை நோய் உண்டு. மிக அரியது. தோல் செதிலாகும், ஈரலில் கொழுப்பு ஏறும், வெள்ளணுக்களிலும் ஏறும். அவர் டாக்டர் கோவை அழைத்தார்.

அருளை நாங்கள் முதலில் சந்தித்தது பட்டர்வொர்த் மருத்துவமனையில். இரத்தத்தை அங்கேதான் எடுக்க வேண்டும், எங்களுக்கு அந்த அனுமதி இல்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் பேனாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார்:

"இதுல நான் குடிக்கலன்னு தெரிஞ்சிருமா டாக்டர்?"

"தெரியாது," என்றார் டாக்டர் கோ. "உன் வெள்ளணுல கொழுப்பு இருக்கா இல்லியான்னுதான் தெரியும். நீ குடிச்சியா இல்லியான்னு சாயத்துக்குத் தெரியாது லா."

"அப்ப எனக்கு எதுக்கு இது?"

"உனக்கு என்ன நோவுன்னு தெரிய வேணாமா?"

அருள் செதில் படிந்த தன் கைகளைப் பார்த்தார். "எனக்கு வேண்டியது வேற," என்றார். பிறகு பேனாவைத் திறந்து கையெழுத்துப் போட்டார்.

முதல் ஸ்லைடுகள் மருத்துவமனை வண்டியில் வந்தன. சாயமிட்டு, இருட்டறையில் வைத்துப் பார்த்தேன். சில வெள்ளணுக்கள் மஞ்சளாக மின்னின. டாக்டர் கோவைக் கூப்பிட்டேன். வந்தார், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்தார்.

"சாயம் போடாதது எங்க?"

வைத்திருந்தேன். அதை மாற்றிப் போட்டேன். அதிலும் சில வெள்ளணுக்கள் மின்னின.

வெள்ளணுக்களில் ஒரு வகை உண்டு. அரிப்பு, ஒவ்வாமை உள்ளவர்களிடம் அது அதிகமாக இருக்கும். எந்தச் சாயமும் இல்லாமல் தன் சொந்த மணிகளாலேயே அது மஞ்சளாக ஒளிரும். நான் பார்த்தது அதைத்தான். அருளுக்குத் தோல் அரிப்பு வாழ்நாள் முழுக்க இருந்தது, ஆகவே அந்த வகை அணுக்களும் நிறைய இருந்தன. சாயம் போடாத ஸ்லைடு இல்லாதிருந்தால் கொழுப்பு இருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருப்போம். வேறு யாராவது அந்தச் சோதனையைச் செய்து பார்த்திருந்தால், அதன் பிறகு எங்கள் பேச்சு எடுபட்டிருக்காது. அருளின் பேச்சும்தான்.

மற்ற வெள்ளணுக்களில் ஓட்டைகள் மட்டும் இருந்தன. விளிம்பு கூராக, உள்ளே ஒன்றுமில்லாமல்.

"அப்ப கொழுப்பு இல்லன்னு எழுதிடலாமா டாக்டர்?" என்றேன்.

"ஓட்டை இருக்குல்ல. உள்ள இருந்தத யாரு கழுவுனது, அத மொதல்ல கேளு."

மருத்துவமனை ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசினேன். இரத்தப் பூச்சுகளைப் பார்த்துக்கொள்பவர் கணேசன் என்ற இளைஞர்.

"தம்பி, அந்த ஸ்லைட மெத்தனால்ல போட்டீங்களா?"

"போடாம அனுப்புவனாக்கா? உங்க எடத்துக்கு வருதுன்னு புது மெத்தனால் ஊத்தியில்ல போட்டேன்."

இரத்தப் பூச்சு காய்ந்ததும் மெத்தனாலில் முக்குவது அந்த வேலையின் முதல் பாடம். முக்காமல் வைப்பது, சாப்பிட்ட தட்டைக் கழுவாமல் வைப்பது மாதிரி. கணேசனிடம் விளக்கினேன். புரிந்துகொண்டார். அடுத்த முறை அவர் முக்கவில்லை. அடுத்த ஷிஃப்டில் வந்தவர் பார்த்திருக்கிறார், கணேசன் மறந்துவிட்டான் என்று நினைத்து, அவனுக்கு ஏச்சு விழக் கூடாதே என்று தானே முக்கிவிட்டார். ஸ்லைடுகள் மறுபடியும் ஓட்டையோடு வந்தன.

அருளிடம் மூன்றாவது முறை இரத்தம் கேட்க வேண்டியிருந்தது. மெத்தனாலும் ஒரு மதுசாரம், அதில் முக்கிவிட்டார்கள் என்று காரணத்தைச் சொன்னபோது அவர் சிரிக்காமல் சொன்னார்: "நான் தொடாட்டாலும் விட மாட்டேங்கிறாங்களேக்கா. என் ரத்தத்தக் கொண்டுபோயி அதுலயே முக்குறாங்க."

அந்த முறை நானே போனேன். என் வீடும் பட்டர்வொர்த்தில்தான். எங்கள் ஃபார்மலினையும் உப்புநீரையும் மூடி இறுக்கமான சாடிகளில் எடுத்துப் போனேன். அருளிடம் எடுத்த இரத்தத்தைக் கணேசன் பூசினார். நல்ல கை. சீரான, மெல்லிய பூச்சு. ஸ்லைடுகளைக் காயவைத்துவிட்டு, தன் மகனுக்குப் பள்ளி கிடைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிக்கொண்டே முதல் ஸ்லைடை எடுத்தார். காயவைக்கும் தட்டுக்கு வலப்பக்கம் மெத்தனால் சாடி. கை அதன் போக்கில் அந்தப் பக்கம் போனது.

மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

கணேசன் தன் கையைப் பார்த்தார், சாடியைப் பார்த்தார். "அக்கா, நான் போடலக்கா. இதுவா போவுது."

"தெரியும் தம்பி. எனக்கும் அப்படித்தான் போச்சு. சாடிய எடுத்து அந்த அலமாரில வைங்க."

வைத்தார். என் ஃபார்மலினில் நானே முக்கி, உப்புநீரில் அலசி, காயாமல் அதே நீரில் நிறுத்தி மூடினேன். கணேசன் தன் இரத்தத்திலும் ஒரு பூச்சு கொடுத்தார். என்னுடையதும் ஒன்று. கடுமையான தொற்றோடு படுத்திருந்த ஒரு நோயாளி ஒப்புக்கொண்டு கொடுத்ததும் ஒன்று. அவர் அணுக்களிலும் ஓட்டைகள் இருந்தன.

ஜார்ஜ்டவுனுக்குத் திரும்பும் ஃபெரியில் சாடிகளை ஒரு சாப்பாட்டுப் பையில் வைத்து மடியில் நிறுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, "ஊறுகாயா அக்கா? இவ்ளோ பத்திரமாப் பிடிச்சிருக்கீங்க?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இல்லையென்றால் கரை வரைக்கும் விளக்க வேண்டியிருந்திருக்கும்.

சாயமிட்டதும் டாக்டர் கோ ஸ்லைடுகளை வாங்கிக்கொண்டு தன் அறைக்குப் போனார். நாடா ஒட்டி, கலைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். நான் இருட்டறைக்குள் போனேன்.

முதல் ஸ்லைடு: வெள்ளணுக்களின் மங்கலான வெளிக்கோடு, உள்ளே இருட்டு. இரண்டாவது: இங்கொன்றும் அங்கொன்றுமாகச் சில அணுக்களில் மட்டும் மினுக்கம், மற்றவை இருட்டு. மூன்றாவதை நீல ஒளியில் கொண்டுவந்தேன். ஒவ்வொரு வெள்ளணுவிலும், எந்த வகையானாலும், மடல் மடலாக இருக்கும் கருவைச் சுற்றிப் பொன்மஞ்சள் மணிகள் நெருக்கியடித்து நின்றன. ஒரு சில அணுக்களில் கரு ஓரத்துக்குத் தள்ளப்பட்டிருந்தது. ஸ்லைடை நகர்த்தினேன். அடுத்த அணு, அதற்கடுத்த அணு, எல்லாமே அப்படி. இத்தனை வருடங்களில் நான் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை.

யாரையும் கூப்பிடவில்லை. பார்த்ததை எழுதினேன். மிச்ச ஸ்லைடுகளையும் அதே அளவு நேரம் எடுத்துப் பார்த்தேன். தொற்று நோயாளியுடையதாக இருக்க வேண்டும் என்று பட்ட ஒன்றில் ஓட்டைகள் இருந்தன. சாயம் அவற்றைத் தொடவேயில்லை. எழுதி முடித்த பிறகு கதவைத் திறந்தேன்.

டாக்டர் கோ நாடாக்களை உரித்தார். மூன்றாவது, அருள். இரண்டாவது, சாயம் போடாத அருள். மற்றவை நானும் கணேசனும் அந்தத் தொற்று நோயாளியும்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். "நல்லாருக்கு," என்றார். "மறுபடியும் ஒரு தடவ. வேற நாளு ரத்தம்."

மறுபடியும் செய்தோம். அதேதான். மரபணுப் பரிசோதனைக்கு இரத்தம் கோலாலம்பூர் போனது, அதுவும் பின்னால் ஒத்துப்போனது. நோயின் பெயர் தெரிந்தது. கொழுப்பைக் கரைத்துவிடும் மருந்து எதுவும் இல்லை. சாப்பாட்டில் கொழுப்பை மாற்றி அமைக்க வேண்டும், ஈரலைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். இனி தோலும் ஈரலும் ஒரே கோப்பு.

எங்கள் அறிக்கையை டாக்டர் கோ சுருக்கமாக எழுதினார். வெள்ளணுக்களில் கொழுப்புத் துளிகள் காணப்பட்டன, சாயமற்ற ஸ்லைடில் அவை ஒளிரவில்லை, ஒப்பீட்டுக்கு எடுத்தவர்களிடம் காணப்படவில்லை. அருள் அதை இரண்டு முறை படித்தார்.

"நான் குடிக்கலன்னு இதுல இல்லியே டாக்டர்."

"இல்ல."

"ஒரு வரி போடக் கூடாதா?"

"குடிக்கிறவனுக்கும் இந்த நோவு வரலாம் லா. நான் பாக்காதத நான் எழுத மாட்டேன்."

எனக்கு அந்த நேரத்தில் அவர்மேல் கோபம் வந்தது. ஒரு வரி. எழுதினால் ஒரு குடும்பம் சேர்ந்துவிடும். அருள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார். டாக்டர் கோ உட்கார்ந்தபடியே கேட்டார்:

"உன் மச்சான் இங்க வருவானா?"

"கூப்புட்டா வருவாரு. நம்ப மாட்டாரு."

"நம்ப வேணாம். பாக்கட்டும்."

ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார்கள். அருள், செல்வி, மணியம், கூடவே ஈரல் மருத்துவர். மணியம் அகலமான மனிதர். சட்டையை இஸ்திரி போட்டு உள்ளே விட்டிருந்தார். இருட்டறை வாசலில் செல்வியிடம், "நீங்க மொதல்ல பாக்குறீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"நான் பாக்கத் தேவையில்லக்கா. பக்கத்துல படுத்து எந்திரிச்சவ. அவரு மூச்சு எனக்குத் தெரியாதா? அண்ணன் பாக்கட்டும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்பா போனதுக்கு அப்புறம் அவருதான் எல்லாம். கதவத் தொறந்து ஏறுன்னா, ஏறித்தான் ஆவணும்."

மணியம் உட்கார்ந்தார். டாக்டர் கோ, "வா, நீ கண்ண இதுல வை," என்றார். மணியம் ஒரு கணம் அவரை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கண்ணை வைத்தார். நான் முதலில் சாயம் போடாததை வைத்தேன்.

"ஒன்னுமே இல்லியே. அங்க ஒன்னு இங்க ஒன்னு மினுக்குது. மெஷின் கெட்டுப் போச்சா?"

"கெடலண்ணே. அது அருளோட ரத்தம். சாயம் போடல."

சாயம் போட்டதை வைத்தேன். அவர் வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைத் தூக்கி, "சாயம்தானே மஞ்ச? யாரு ரத்தத்துல ஊத்துனாலும் மஞ்சளாத்தானே இருக்கும்?" என்றார்.

டாக்டர் கோ கைகளைத் தொடைக்கு அடியிலிருந்து எடுத்தார். "நல்ல கேள்வி," என்றார். அந்த இரண்டு சொற்களை எங்களில் யாருக்கும் அவர் எளிதில் கொடுத்ததில்லை.

என் ஸ்லைடை வைத்தேன். இருட்டு. "இது யாரோடது?"

"என்னோடதுண்ணே. அதே சாயம்."

"நீங்க கோயிலுக்குப் போற ஆளு. குடிக்கிறவன் ரத்தம் எப்படி இருக்கும், அதக் காட்டுங்க."

"அது எங்ககிட்ட இல்ல," என்றார் டாக்டர் கோ.

மணியம் தங்கையைப் பார்க்கவில்லை, அருளையும் பார்க்கவில்லை. இடது கையை மேசைமேல் நீட்டினார்.

"என்னோடத எடுங்க. நேத்து கூட்டாளி மகன் கல்யாணம். எவ்ளோன்னு கேக்க வேணாம்."

ஈரல் மருத்துவர் டாக்டர் கோவைப் பார்த்தார். டாக்டர் கோ தலையசைத்தார். மருத்துவர் விரலில் குத்தினார். நான் பூசி, காயவைத்து, ஃபார்மலினில் முக்கி, அலசி, சாயமிட்டேன். எதையும் அவசரப்படுத்தவில்லை. மணியம் என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒருமுறை அருளிடம், "அக்கா கை நடுங்கலடா," என்றார். அருள், "அவங்க நேத்து கல்யாணத்துக்குப் போவல மச்சான்," என்றார். செல்வி வாயைப் பொத்திக்கொண்டார்.

ஸ்லைடை வைத்து விலகினேன். மணியம் பார்த்தார். ஸ்லைடை நகர்த்தச் சொன்னார், நகர்த்தினேன். இன்னும் நகர்த்தச் சொன்னார். பூச்சின் விளிம்புவரை போய்விட்டோம்.

"இல்ல," என்றார்.

டாக்டர் கோ சொன்னார்: "ஒரு ஆள வெச்சு ஒன்னும் சொல்ல முடியாது லா. நெறைய பேரு வேணும். அப்பவும் அவன் குடிக்கலன்னு இது சொல்லாது. அவன் நோவு குடியால வந்தது இல்லன்னுதான் சொல்லும்."

"உங்களுக்குப் பத்தாது டாக்டர்," என்றார் மணியம். "எனக்குப் போதும்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். வெகுநேரம் நீல வெளிச்சத்தைப் பார்த்தவர்களுக்குக் கண்ணில் நீர் வரும். அருளிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. "மாப்ள, பிள்ள சாமான் அங்க ஒரு ரூம் நெறைய கெடக்கு. தனியா என்னால தூக்க முடியாது. வா, போயி எடுத்துட்டு வந்துரலாம்," என்றார்.

"ஃபோர்க்லிஃப்ட் எடுத்தாரட்டா மச்சான்?"

"வாய மூடிக்கிட்டு வாடா."

படியிறங்கும் சத்தம் அடங்கிய பிறகு, டாக்டர் கோ மணியத்தின் ஸ்லைடைக் காட்டி, "அத முடிவுல சேக்காத," என்றார். ஒப்புதல் படிவம் இல்லை. சேர்க்கவில்லை. கழுவிப் போட்டுவிட்டேன். அந்த ஒரு வரியை அவர் எழுதிக் கொடுத்திருந்தால் மணியம் அதைப் படித்துவிட்டு நம்பாமலே மடித்து வைத்திருப்பார் என்பது எனக்கு அப்போது தெரிந்தது. கோபமும் அதோடு போயிற்று.

கவிதா, புது இயந்திரம் என்னைவிட வேகமாக எண்ணும், எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தானாக ஒளிரும் அணுவையும் சாயத்தால் ஒளிரும் கொழுப்பையும் அது ஒரே மாதிரிதான் எண்ணும், பக்கத்தில் சாயம் போடாதது இல்லாவிட்டால். புதிதாக வந்தவர்களிடம் டாக்டர் கோ சொன்னார் என்று சொல்ல வேண்டாம். லாரி கம்பெனி மேற்பார்வையாளர் ஒருவர், இருட்டறையில் உட்கார்ந்த சற்று நேரத்தில், பக்கத்தில் வைத்து ஒப்பிட ஒன்று வேண்டும் என்றுதான் அவரும் கேட்டார் என்று சொல்லுங்கள்.

அந்த வரிசை அங்கேயே இருக்கட்டும்.